பொரளைக்கு வந்த மின்சாரமும் மீன்தொட்டி விளக்கும்

பொரளைச் சந்தியில் இன்று பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் இளைஞர்கள், அங்கே ஒரு காலத்தில் ட்ராம் வண்டிகள் வந்து நின்றன என்பதை அறிந்திருக்க நியாயமில்லை. கொழும்பில் மின்சார விநியோகத்தை 1895ஆம் ஆண்டில் கோட்டைப் பகுதியில் தொடங்கியது பூஸ்டட் சகோதரர்கள் நிறுவனம். 1899இல் அதே நிறுவனம் மின்சார ட்ராம் சேவையையும் ஆரம்பித்தது. ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும் மற்றது மருதானை ஊடாகப் பொரளைக்கும் சென்றன. 1944இல் மாநகர சபை பொறுப்பேற்ற இச்சேவை 1960இல் முடிவுக்கு வந்தது.

ட்ராமுக்கு மின்சாரம் தலைக்கு மேலுள்ள கம்பியால் வந்து, காலடியில் உள்ள தண்டவாளத்தால் திரும்பிச் செல்லும். கம்பி எவர் கைக்கும் எட்டாத உயரத்தில் இருந்ததே அதன் பாதுகாப்பு. வீடுகளிலும் இதே நியாயம்தான். மின்குமிழ் கூரையிலிருந்து தொங்கியது. அதற்கு இரண்டு கம்பிகள் போதுமாயிருந்தன. மூன்றாவதாகிய 'எர்த்' கம்பியைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. எட்டாத விளக்குக்கு அது பெரும் குறையுமன்று.

அந்த விளக்கைத் தண்ணீரின் விளிம்புக்கு இறக்கி வைத்தது மீன்தொட்டி. 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டியூப் லைட், பின்னர் நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. அதிகம் சூடாகாத அந்த நீண்ட விளக்கு தொட்டிக்கென்றே செய்தது போலிருந்தது. 1952இல் தெகிவளை மிருகக்காட்சிசாலையில் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்தைப் பார்த்து வந்த பிள்ளைகளுக்கு வீட்டிலும் ஒரு தொட்டி வேண்டுமென்ற ஆசை பிறந்ததில் வியப்பில்லை. கடையில் விற்கும் மூடி விலை அதிகம். ஆகவே ஒரு பலகைத் துண்டு, ஒரு டியூப், ஒரு சோக், ஒரு ஸ்டார்ட்டர், கொஞ்சம் இன்சுலேஷன் டேப், விளக்கு தயார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில்கூட இத்தகைய தொட்டிகளைக் காணலாம்.

இதில் ஆபத்து எங்கே? தொட்டி நீர் ஆவியாகிப் பலகையின் அடிப்புறத்தில் துளித்துளியாகப் படிகிறது. டேப்பின் பசை நாளடைவில் விட்டுப்போகிறது. ஒருநாள் கம்பி நனைகிறது. அல்லது விளக்கே வழுக்கித் தண்ணீரில் விழுகிறது. அப்போதும் மீன்கள் நீந்திக்கொண்டுதான் இருக்கும். கண்ணாடித் தொட்டி நிலத்தோடு தொடர்பற்றது. மின்கம்பியில் அமர்ந்த காகத்துக்கு எதுவும் நேராதது போலவே மீனுக்கும் நேராதிருக்கலாம். சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று கையை நனைக்கும் மனிதனே மின்சாரத்துக்கு வழியாகிறான். மீன் உயிரோடிருப்பதைக் கண்டு தண்ணீர் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது.

'பியூஸ் இருக்கிறதே' என்று சிலர் சொல்வதுண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல், தாமாக முன்வந்த 134 ஆண்களையும் 28 பெண்களையும் கொண்டு செய்த பரிசோதனைகள் இதற்குப் பதில் தருகின்றன. பிடித்த கம்பியை விடமுடியாதபடி கை இறுகிப்போவது ஆண்களில் சராசரியாக 16 மில்லி அம்பியரிலும், பெண்களில் ஏறத்தாழ 10.5 மில்லி அம்பியரிலும் என்று அவர் கண்டார். 5 அம்பியர் பியூஸ் என்பது 5,000 மில்லி அம்பியர். பியூஸ் காப்பது கம்பியை, மனிதனையன்று.

இந்த ஆய்விலிருந்தே 1960களின் தொடக்கத்தில் டால்சியல் ஓர் உயிர்காப்புக் கருவியை உருவாக்கினார். போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இல்லையெனில், ஒரு பகுதி வேறு வழியில், ஒருவேளை மனித உடலின் வழியில், நிலத்துக்குச் செல்கிறது என்று பொருள். உடனே இணைப்பைத் துண்டிப்பதே அதன் வேலை. நாம் 'ட்ரிப் சுவிட்ச்' என்று அழைப்பது அந்த இனத்தைச் சேர்ந்ததே. வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படுவது 30 மில்லி அம்பியரில் வேலை செய்வது.

ஆனால் கருவியை வெல்லும் சாமர்த்தியமும் நம்மிடம் உண்டு. 13 அம்பியர் பிளக் பொயின்டின் மேல் துவாரத்தில் பேனையைச் செருகி மூடியைத் திறந்து, இரண்டு முனை பிளக்கைத் திணிப்பதைப் பார்க்காதவர் யார்? எர்த் முனை முதலில் நுழைந்தாலன்றித் திறக்காதபடி செய்யப்பட்ட பாதுகாப்பு அவ்விடத்திலேயே பாழாகிறது. கனடாவிலுள்ள உறவினர் அன்போடு அனுப்பும் 120 வோல்ட் விளக்கை இங்கே 230 வோல்ட்டில் மாட்டுவதும் இவ்வகைப்பட்டதே. இன்றைய எல்.ஈ.டி. விளக்குகள் 12 வோல்ட்டில் எரிவது நல்லதுதான்; ஆயினும் அவற்றின் அடாப்டருக்குள் நுழைவது அதே 230 வோல்ட். அதைத் தொட்டியின் மூடிமேல் வைக்கலாகாது.

பத்திரிகைகளில் மின்சாரம் தாக்கிய மரணங்கள் பெரும்பாலும் உள்பக்கத்து நாலு வரிச் செய்திகளாகவே முடிந்துவிடும். அந்த நாலு வரியைத் தவிர்க்கச் செய்ய வேண்டியவை அதிகமில்லை. தொட்டியில் கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். வயரைப் பிளக் பொயின்டுக்குக் கீழே தாழ்ந்து வளையும்படி விடுங்கள். வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். விளக்கில் உலோகப் பாகம் இருந்தால் எர்த் இணைப்பைத் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு செய்வியுங்கள். வாடகை வீடாயின் ட்ரிப் சுவிட்ச் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். உண்டெனில், அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானை இன்றே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்காவிட்டால், மீன்தொட்டி விளக்கை அன்றிரவு எரியவிட வேண்டாம்.