ஆடைத் தொழிற்சாலைக் காற்றில் பார்மால்டிஹைடு

சுருக்கம் விழாத ஆடைகளுக்கென ஆலையிலேயே பிசினூட்டப்பட்டு வரும் துணியிலிருந்து பிரிந்து, அதனை வெட்டுவோரும் தைப்போரும் இஸ்திரி போடுவோரும் சுவாசிக்கும் காற்றில் கலக்கின்ற, நிறமற்றதும் கண்ணைக் கரிக்கும் நெடியுடையதுமான வாயு பார்மால்டிஹைடு.

பருத்தி இழையின் செல்லுலோஸ் சங்கிலிகள் ஈரமும் அழுத்தமும் பட்டவுடன் நழுவி, நழுவிய இடத்திலேயே தங்கிவிடுவதால்தான் துணி கசங்குகிறது என்று கண்ட மான்செஸ்டர் ரசாயன நிபுணர்கள், யூரியாவும் பார்மால்டிஹைடும் சேர்ந்த பிசினை இழைக்குள் செலுத்தி, அச்சங்கிலிகளை ஏணிப்படிகள்போலக் குறுக்கே பிணைக்கும் முறையை 1920-களில் வகுத்தனர். பிணைப்பில் சேராத எச்சம் துணியிலேயே தங்கிவிடும். பிணைந்த பகுதியும் உஷ்ணத்தாலும் ஈரப்பதத்தாலும் சிறுகச் சிறுகச் சிதையும். ஆதலால், அந்த ரசாயனத்தைக் கண்ணால் கண்டிராத தையற்பெண், அடைத்த கூடத்தில் புதிய துணிச்சுருளை அவிழ்க்கும்போதும், நீராவி இஸ்திரிப் பெட்டியருகே நிற்கும்போதும், புழுக்கம் மிகுந்த நாட்களில் இன்னும் அதிகமாகவும் அதனைச் சுவாசிக்க நேர்கிறது. கண்ணீர், தொண்டை எரிச்சல், கைகளில் தோலழற்சி, சிலருக்கு ஆஸ்துமா ஆகியவை அதன் உடனடி விளைவுகள். சற்று நேரத்தில் நாசி நெடிக்குப் பழகிப்போவதால், வாயு குறைந்துவிட்டதென்னும் பொய்யான நிம்மதியும் பிறக்கிறது.

நெடுங்கால விளைவைப் பற்றிய விசேஷமான ஆராய்ச்சி அமெரிக்காவில் நடந்தது. ஜார்ஜியா, பென்சில்வேனியா மாநிலங்களின் மூன்று ஆடைத் தொழிற்சாலைகளில் உழைத்த 11,039 பேரை, பெரும்பாலும் பெண்களை, தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே அளந்தபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் சராசரியாக 0.15 பங்கு வாயுவே இருந்தது. அன்றைய சட்டமோ 3 பங்குவரை அனுமதித்தது. 2004-இல் வெளியான முடிவுகளில், அஞ்சப்பட்ட நாசிப் புற்றுநோய் மிகுந்திருக்கவில்லை. ஆனால் பத்தாண்டுகளுக்கு மேல் வேலைசெய்து, முதலில் அவ்வாயுவுக்கு ஆட்பட்டு இருபது ஆண்டுகள் கடந்தவர்களிடையே, மயலாய்டு இரத்தப் புற்றுநோய் மரணங்கள் எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்தன. இறந்தோர் தொகை சிறிதென்பதும், அளவெடுப்பதற்கு முந்திய ஆண்டுகளில் வாயு இதனினும் அதிகமாக இருந்திருக்கக்கூடும் என்பதும் மெய்யே. எனினும் அம்மரணங்களைப் பொருட்படுத்தாமல் விடுவது தர்மமாகாது. அதே ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் பார்மால்டிஹைடை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயமான பொருள்களின் வரிசையில் சேர்த்தது.

காற்றோட்டமும், தைக்குமுன் துணியைக் கழுவுதலும் பயன் தருவனவே. ஆயினும் வாயுவைக் குறைவாக வெளியிடும் பிசினை ஆலையிலேயே பிரயோகிப்பதுதான் மூலத்தைத் தொடும் பரிகாரம். அமெரிக்கச் சட்டம் 1987-இல் வரம்பை 1 பங்காகவும், 1992-இல் 0.75 பங்காகவும் குறைத்தது. இதுவும் அம்மூன்று தொழிற்சாலைகளில் அளந்த சராசரியைப்போல் ஐந்து மடங்காகையால், சட்டத்துக்கு உட்பட்டிருப்பதொன்றையே தொழிலாளியின் க்ஷேமத்துக்குப் போதிய அத்தாட்சியாகக் கொள்வதற்கில்லை.