வேகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் உலகம் முழுக்க காலால் உதைத்து விளையாடும் கால்பந்து அல்ல. தலையில் ஹெல்மெட், தோளில் தடித்த கவசம், கையில் முட்டை வடிவப் பந்து என்று மோதி விளையாடும் ஆட்டம் அது. அந்த ஆட்டத்தின் கோச்சுகளிடம் தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு. பந்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கலாம், எதிராளியை மடக்கிப் போடச் சொல்லிக்கொடுக்கலாம், வேகத்தை மட்டும் சொல்லிக்கொடுக்க முடியாது. கருவிலேயே திருவோடு வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

சாதாரணமாகத் தோன்றும் இந்தப் பேச்சுக்குப் பின்னால் நிறைய பேருடைய தலையெழுத்து இருக்கிறது. கல்லூரி அணிகள் ஹைஸ்கூல் பையன்களைத் தேடிப்பிடித்து ஸ்காலர்ஷிப் கொடுத்துச் சேர்ப்பதை ரெக்ரூட்டிங் என்கிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பையனுக்குப் பல சமயம் கல்லூரிக்குள் நுழைய அதுதான் ஒரே வாசல். ஒரு காலத்தில் பெரிய கல்லூரிகள் இஷ்டத்துக்கு ஆள் சேர்த்தன. 1973-ல் ஒரு அணிக்கு 105 ஸ்காலர்ஷிப் என்று வரம்பு வந்தது. 1978-ல் அது 95 ஆனது. 1990-களில் 85 ஆகச் சுருங்கியது. இடம் குறையக் குறைய, யாரை எடுப்பது என்ற முடிவில் தவறு செய்ய கோச்சுகளுக்குத் துணிச்சல் இல்லாமல் போனது. 'இவன் மெதுவானவன்' என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால், அந்தப் பையனுக்கு 17 வயதிலேயே கதவு சாத்தப்பட்ட மாதிரிதான்.

அப்படியென்றால் அந்தப் பேச்சு உண்மையா? பழைய கதைகளைப் புரட்டினால் பதில் கொஞ்சம் சிக்கலாகவே வருகிறது.

முதலில் வேகத்தை அளக்கும் முறை. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் கோச் பால் பிரவுன்தான் 1940-களின் கடைசியில் 40 கெஜ ஓட்டத்தைப் பிரபலமாக்கியவர் என்று சொல்வார்கள். அதற்கு முன் 100 கெஜ ஓட்டம்தான் அளவுகோல். ஃபுட்பாலில் 100 கெஜம் ஒரே மூச்சில் ஓடும் சந்தர்ப்பம் அபூர்வம். ஆனால் உயர உதைத்து அனுப்பிய பந்து ஏறக்குறைய 40 கெஜம் தள்ளிப்போய் இறங்கும். அதைத் துரத்தி ஓடும் தூரத்தை அளந்தால் போதும் என்பது கணக்கு. 40 கெஜம் என்பது 36.6 மீட்டர். அன்று தொடங்கிய வழக்கம் கல்லூரி, ஹைஸ்கூல் வரை இறங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் கோச்சுகளுக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. எடை தூக்கினால் தசை இறுகிப்போய் ஆட்டக்காரன் மெதுவாகிவிடுவான் என்பது. இதை முதலில் பெரிய அளவில் உடைத்தவர்களில் ஒருவர் லூயிசியானா மாநிலம் பேட்டன் ரூஜில் ஜிம் நடத்திவந்த ஆல்வின் ராய். 1955-ல் இஸ்ட்ரூமா ஹைஸ்கூல் அணிக்கு எடைப்பயிற்சி கொடுத்தார். அந்த அணி அந்த வருடம் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. அதில் இருந்தவர் பில்லி கேனன். எடையும் தூக்குவார், குண்டும் எறிவார், 100 கெஜ ஓட்டத்திலும் முன்னால் நிற்பார். பிறகு எல்.எஸ்.யு. எனப்படும் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் ராயின் பயிற்சி நுழைந்தது. 1958-ல் அந்த அணி தேசிய சாம்பியன். 1959 அக்டோபர் 31 இரவு மிசிசிப்பி பல்கலைக்கழக அணிக்கு எதிராகக் கேனன் 89 கெஜம் ஓடி டச்-டவுன் எடுத்தது இன்றும் பேசப்படுகிறது. அந்த வருடமே கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் டிராபியும் அவருக்குக் கிடைத்தது. எடை தூக்கியவன் மெதுவாகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தேவைப்படவில்லை.

ஆனாலும் நம்பிக்கை சட்டென்று மாறுமா? 1969-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. பாய்ட் எப்லி என்பவர் அங்கே கோலூன்றித் தாண்டும் மாணவர். முதுகில் அடிபட்டதால் எடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்த உதவி கோச் டாம் ஆஸ்போர்ன், அவரைத் தலைமைக் கோச் பாப் டெவனியிடம் அழைத்துப் போனார். டெவனி சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ஒரே ஒருவன் மெதுவாகிப்போனாலும் வேலை போய்விடும் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டாராம். எப்லியின் வேலை போகவில்லை. 1970, 1971 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் நெப்ராஸ்கா தேசிய சாம்பியன் ஆனது. மற்ற கல்லூரிகளும் எடைப்பயிற்சிக்கென்று தனி கோச் வைக்க ஆரம்பித்தன. 1978-ல் அப்படிப்பட்டவர்களுக்காக எப்லி ஒரு தேசிய சங்கத்தையே தொடங்கினார்.

டெவனியின் நிபந்தனையைக் கவனித்தால் ஒன்று புரியும். வேகத்தைக் கூட்டு என்று அவர் கேட்கவில்லை, குறைத்துவிடாதே என்றுதான் கேட்டார். கல்லூரிக்கு வரும் 18 வயதுப் பையன் நான்கு வருடத்தில் 10, 15 கிலோ ஏறுவது சகஜம். அத்தனை எடை ஏறியும் பழைய வேகத்தில் ஓடுகிறான் என்றால் அங்கே பயிற்சி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டாப்வாட்சில் நேரம் மாறாது, மோதும் பலம் மட்டும் கூடியிருக்கும்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கான விளக்கம் பின்னால்தான் வந்தது. பீட்டர் வேயண்ட் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வேகமாக ஓடுபவர்கள் கால்களை மற்றவர்களைவிட அதிவேகமாக வீசுவதில்லை என்று காட்டியது. காற்றில் காலை முன்னால் கொண்டுவரும் நேரம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் தரையில் இருக்கிறது. வேகமானவர்கள் கால் தரையில் படும் அந்தச் சிறு கணத்தில் அதிக விசையோடு தரையை அழுத்துகிறார்கள். விசை என்பது தசை சம்பந்தப்பட்டது. தசையைப் பழக்கலாம். ஆக, கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை.

ஆனால் எதிர்த்தரப்பு வாதமும் லேசானதல்ல. அதற்கு முதல் சாட்சி பாப் ஹேய்ஸ். புளோரிடா ஏ அண்ட் எம் என்ற கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில் ஜேக் கெய்தரிடம் ஃபுட்பால் விளையாடியவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 100 மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் தங்கம். அவர் ஓடுவதைப் பார்த்தால் எந்த கோச்சும் இதுதான் சரியான ஓட்டம் என்று சொல்லமாட்டார். உடம்பு இருபுறமும் ஆட, பாதங்கள் உள்பக்கம் திரும்ப ஓடுவார். ஆனாலும் அவரைப் பிடிக்க ஆள் இல்லை. 1965-ல் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் சேர்ந்து முதல் வருடமே 1,003 கெஜம் எடுத்தார். அவர் ஒருவரைத் தடுக்கவே எதிரணிகள் தங்கள் காவல் முறையை மாற்றவேண்டி வந்தது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதற்கு ஹேய்ஸ் உதாரணம்.

2014-ல் மைக்கேல் லொம்பார்டோ, ராபர்ட் டீனர் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே ஆராய்ந்தார்கள். உலகத்தரமான ஓட்டக்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் பார்த்ததில், முறையான பயிற்சி தொடங்கும் முன்பே அவர்கள் தங்கள் வயதுப் பிள்ளைகளைவிட மிக வேகமாக ஓடியவர்கள் என்று தெரிந்தது. பயிற்சி எல்லோரையும் கொஞ்சம் முன்னே தள்ளும், ஆனால் வரிசையைப் பெரிதாக மாற்றாது.

அதே சமயம் வேகம் மட்டும் இருந்தாலும் ஆட்டம் வந்துவிடாது. 1968 ஒலிம்பிக்ஸில் 100 மீட்டரை 9.95 நொடியில் ஓடிய ஜிம் ஹைன்ஸ் ஃபுட்பாலுக்கு வந்து சோபிக்கவில்லை. பந்து கையில் நிற்கவில்லை. 110 மீட்டர் தடையோட்டத்தை 13 நொடிக்குள் முடித்த முதல் மனிதரான ரெனால்டோ நெஹமையாவும் 1982 முதல் மூன்று வருடம் ஃபுட்பால் ஆடிவிட்டுத் தடகளத்துக்கே திரும்பினார்.

கெட்டிக்கார கோச்சுகள் இந்த விவாதத்துக்குள் போகாமல் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1984 முதல் 1988 வரை மியாமி பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம்மி ஜான்சன், ஆட்களின் இடத்தை மாற்றினார். பின்வரிசைக் காவலரான சேஃப்டியை லைன்பேக்கர் ஆக்கினார். லைன்பேக்கரை முன்வரிசை ஓரத்துக்கு அனுப்பினார். ஒவ்வொரு இடத்திலும் எதிராளியைவிடச் சிறிய, ஆனால் வேகமான ஆள். 1987-ல் தேசிய சாம்பியன். மியாமியிடமும் புளோரிடா ஸ்டேட்டிடமும் திரும்பத் திரும்ப உதை வாங்கிய நெப்ராஸ்காவின் ஆஸ்போர்னும் 1990-களின் தொடக்கத்தில் அதே பாதைக்கு வந்தார். 1995 ஜனவரி 1 அன்று ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தில் நெப்ராஸ்கா 24-17 என்று மியாமியையே வென்றது. தனிமனிதனின் வேகத்தைக் கூட்டாமலே அணியின் வேகத்தைக் கூட்ட முடியும் என்பது இதில் கிடைத்த பாடம்.

இந்தப் பேச்சில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. வேகம் பிறவி வரம் என்று சொல்லும்போது அது பெரும்பாலும் கறுப்பின வீரர்களைப் பார்த்தே சொல்லப்பட்டது. வெள்ளை வீரன் ஜெயித்தால் உழைப்பு, கறுப்பு வீரன் ஜெயித்தால் உடம்பு. 1971-ல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட் பத்திரிகை கறுப்பின வீரர்களின் உடலமைப்பே வெற்றிக்குக் காரணம் என்ற பாணியில் ஒரு கட்டுரை வெளியிட்டபோது, சமூகவியலாளர் ஹாரி எட்வர்ட்ஸ் அதைக் கடுமையாக மறுத்தார். அவர் படித்த சான் ஹோசே ஸ்டேட் கல்லூரிக்கு அப்போது 'வேக நகரம்' என்றே பெயர். டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ், லீ எவன்ஸ் மூவரும் அங்கே பட் வின்டரிடம் பயிற்சி பெற்றவர்கள். இரண்டாம் உலகப்போரில் விமானிகளுக்கு உடம்பைத் தளர்த்தச் சொல்லிக்கொடுத்தவர் வின்டர். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடாதே, தாடையையும் கையையும் தளர விடு என்பது அவர் பாடம். வந்தவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் அவர்கள் நாள்தோறும் பட்ட பாட்டை 'பிறவி வரம்' என்ற இரண்டு வார்த்தை மறைத்துவிடுகிறது.

கடைசியாக, அளவுகோலின் கோளாறு. கையில் பிடித்த ஸ்டாப்வாட்ச், ஓடுபவன் அசைவதைப் பார்த்த பிறகே அழுத்தப்படும். அதனால் 0.2 நொடி வரை நேரத்தைக் குறைத்துக் காட்டிவிடும். முழு ஓட்டத்தில் இருப்பவன் 0.2 நொடியில் ஏறக்குறைய 2 கெஜம் போய்விடுவான். 1986-ல் போ ஜாக்சன் 4.12 நொடியில் ஓடியதாகச் சொல்லப்படுவது கைக்கடிகாரக் கணக்கு. மின்னணு முறையில் 2008-ல் கிறிஸ் ஜான்சன் 4.24, 2017-ல் ஜான் ராஸ் 4.22, 2024-ல் சேவியர் வொர்தி 4.21. அத்தனை பயிற்சிக்கும் பிறகு 16 வருடத்தில் உச்சம் நகர்ந்தது 0.03 நொடி. ஆனால் தனி ஒருவன் கை ஊன்றும் விதத்தையும் முதல் சில அடிகளையும் பழகினாலே அதைவிட அதிகமாகக் குறைத்துவிடலாம். 40 கெஜ ஓட்டத்தில் எளிதாகச் சொல்லிக்கொடுக்கக்கூடிய பகுதி அந்தத் தொடக்கம்தான். ஆட்டத்திலோ யாரும் தரையில் கையூன்றி, நேர்கோட்டில், கவசம் இல்லாமல் ஓடுவதில்லை. தேர்வுக்குப் பயிற்சி எடுத்தவனும் உண்மையில் வேகமானவனும் தாளில் ஒரே எண்ணாகத் தெரிவார்கள். பயிற்சிக்குக் காசில்லாத பையன் அந்தத் தாளில் பின்னால் போய்விடுவான்.

2020-ல் அலபாமா பல்கலைக்கழகம் டேவிட் பாலு, மாட் ரே என்ற இருவரைக் கொண்டுவந்து, வீரர்களின் உச்ச ஓட்டவேகத்தை அளந்து வளர்ப்பதையே பயிற்சியின் மையமாக்கியது. அந்த சீசனில் அது தேசிய சாம்பியன். நாட்டிலேயே சிறந்த ரெக்ரூட்டுகளைப் பொறுக்கி எடுக்கும் அணி அது என்பதையும் மறக்கக்கூடாது. பொறுக்கியும் எடுத்தார்கள், பழக்கவும் செய்தார்கள்.

ஆக, பழைய பேச்சு பாதி உண்மை. மெதுவானவனை ஹேய்ஸ் ஆக்க முடியாது. ஆனால் ஒருவனை அவனால் முடிந்த எல்லைவரை கொண்டுபோக முடியும், எடை ஏறும்போது வேகம் இறங்காமல் காக்க முடியும், சரியான இடத்தில் நிறுத்த முடியும். இவை எதையும் செய்யாமல் வேகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று கைவிரிப்பவர், ஆடத் தெரியாமல் கூடம் கோணல் என்பவரைப் போலத்தான். 17 வயதில் ஒருமுறை ஓடவைத்து எடுத்த ஒரு எண், அந்தப் பையன் இன்று எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பதைச் சொல்லும். இதுவரை அவனுக்கு யாராவது ஓடச் சொல்லிக்கொடுத்தார்களா என்பதைச் சொல்லாது.