மட்டம் காத்த மதகும் அழுத்தம் காக்கும் வால்வும்

கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. எந்தக் கிளைக்கு எவ்வளவு போகும் என்பது ஷட்டரின் திறப்போடு முடிந்துவிடும் கணக்கல்ல. ஷட்டருக்கு மேலும் கீழும் நிற்கும் நீர்மட்டங்களின் வித்தியாசமும் அதில் சேரும். கீழே வாய்க்கால் தளும்பி நின்றால், அதே திறப்பில் நீர் குறைவாகத்தான் போகும். மதகுகளைத் திறந்து மூடும் படுகையின் லஸ்கர்களுக்கு இது சூத்திரம் இல்லாமலே தெரிந்த விஷயம். குடிநீரில் குளோரின் சேர்க்கும் கருவிகளின் வரலாற்றையும் இதே சிக்கல்தான் நடத்திவந்திருக்கிறது என்பது என் வாதம்.

1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டியது மட்டத்தைக் காக்கத்தான். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவும் அதிகம். அதனால் காவிரியின் பங்கையும் அது இழுத்துக்கொண்டிருந்தது. அணை எழுந்ததும் நிலைமை தலைகீழாகி, காவிரிக்குள் அளவுக்கு மீறி நீர் பாய்ந்தது. 1840-களில் அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்த வேண்டிவந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபின் கால்வாய்ப் பொறியாளர்கள் மேல்மட்டம், கீழ்மட்டம் எப்படி மாறினாலும் ஒரே அளவு நீர் விடும் மதகுகளை வடிவமைக்க முயன்றார்கள். கிப் வடிவமைத்த மதகு அவற்றில் பேர்போனது.

குளோரினின் கதையும் அதே காலத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோது, 1905-இல் அலெக்சாண்டர் ஹூஸ்டன் குடிநீரில் ஹைப்போகுளோரைட் கரைசலைத் தொடர்ந்து சேர்க்க ஏற்பாடு செய்தார். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகருக்கான நீரில் ஜான் லீலும் ஜார்ஜ் ஃபுல்லரும் பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சேர்த்தார்கள். அங்கே அளந்தது ஒரு சிறு துளை. அதன் மேல் நின்ற கரைசலின் மட்டத்தை மிதவை வால்வு ஒன்று மாறாமல் வைத்திருந்தது. மட்டம் நிலையாக நின்றால் துளையின் ஓட்டமும் நிலையாக இருக்கும். இது மதகுக்காரனின் யுக்தியேதான்.

நம் ஊர்க் கிணறுகளுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவைப்படவில்லை. ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரையும் இரண்டு கிலோ பருமணலையும் கலந்து நிரப்பிய சிறு பானையை இன்னொரு பானைக்குள் வைத்து, கிணற்றில் இறக்கிவிடும் இரட்டைப் பானை முறையை நாக்பூரிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்தது. வீட்டுக் கிணற்றுக்கு அது இரண்டு மூன்று வாரம் தாங்கும். குழாய் வழியே பல ஊர்களுக்கு ஓடும் நீருக்கு அது உதவாது.

1936-இல் ராபர்ட் ஷீன் உருவாக்கிய அளவுப் பம்பு, மட்டத்தைப் பற்றிய கவலையையே தீர்த்துவிட்டதுபோலத் தோன்றியது. ஒரு ஸ்ட்ரோக்குக்கு இத்தனை மில்லி, நிமிடத்துக்கு இத்தனை ஸ்ட்ரோக். பெருக்கினால் அளவு கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கணக்கில் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று உண்டு. பம்பின் உறிஞ்சுபக்கத்தைவிட வெளிவிடும் பக்கத்தில் அழுத்தம் எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். பொதுவாக ஒரு பார் அளவாவது வேண்டும் என்பார்கள். இல்லையென்றால் பம்பின் பந்து வால்வுகள் ஒழுங்காக உட்காராது. ஸ்ட்ரோக் முடிந்த பிறகும் கரைசல் ஓடிக்கொண்டிருக்கும். கரைசல் தொட்டி உயரத்திலும் சேர்க்கும் இடம் தாழ்விலும் இருந்தால், பம்பு நின்ற பிறகும் சைஃபனாக இழுக்கும்.

காவிரிப் படுகையில் இந்த நிபந்தனை அடிக்கடி மீறப்பட இடமுண்டு. 1971-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்த பிறகு, கொள்ளிடத்து நீரைத் தொலைவிலுள்ள ஊர்களுக்குக் கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பெருகின. வேதாரண்யம் வரை அப்படி நீர் போகிறது. இத்தகைய திட்டங்களில் குளோரினைத் திறந்த தரைமட்டச் சம்ப்பில் சேர்த்தால், அங்கே எதிரழுத்தம் என்று ஒன்றுமே இருக்காது. அழுத்தமுள்ள பிரதான குழாயில் சேர்த்தால், நீரேற்றும் மோட்டார் ஓடும்போது ஒரு அழுத்தம், மின்சாரம் போனதும் வேறு அழுத்தம்.

விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 100 கிராம் குளோரின் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் (ஹைப்போ) கரைசலை மணிக்கு 10 லிட்டர் வீதம், மணிக்கு 5 லட்சம் லிட்டர் ஓடும் நீரில் விட்டால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் சேரும். சைஃபன் இழுத்து அது 20 லிட்டரானால் 4 மில்லிகிராம் ஆகிவிடும். அருகிலுள்ள தெருக்காரர்கள் நாற்றம் தாங்காமல் குடத்தைக் கவிழ்ப்பார்கள். அதோடு தொட்டி முன்னதாகவே காலியாகும். மீதி நேரம் குளோரின் இல்லாத நீர் போகும். இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் கடைமடை ஊரின் குழாயில் இருக்காது. பாசனத்தில் கடைமடைக்கு நேர்வதே இங்கும் நேர்கிறது.

இதற்கு மருந்துதான் எதிரழுத்தத்தை உண்டாக்கும் பேக் பிரஷர் வால்வு. உள்ளே ஒரு டயாப்ரத்தை ஸ்பிரிங் ஒன்று வாயின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும். திருகை முறுக்கி, இரண்டு பார் என்று வைத்தால், பம்பு அந்த அழுத்தத்தைத் தாண்டித் தள்ளும்போது மட்டுமே வழி திறக்கும். அப்பால் திறந்த சம்ப்பே இருந்தாலும், பம்பின் கண்ணுக்கு இரண்டு பார்தான் தெரியும். ஜெர்சி நகரில் மிதவை மேல்பக்கத்தில் செய்த வேலையை இந்த ஸ்பிரிங் கீழ்பக்கத்தில் செய்கிறது. வால்வை, குளோரின் சேர்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. பம்பின் அருகே வைத்தால், அதற்குப் பிறகு நீளும் குழாயில் உள்ள கரைசல் சரிவில் வடிந்துபோகும்.

வால்வு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் தவறு. பிளீச்சிங் பவுடரின் சுண்ணாம்புக் கசடு வாயில் படிந்தால் டயாப்ரம் முழுதாக மூடாது. ஹைப்போவில் கசடு குறைவு. ஆனால் தஞ்சைக் கோடையில் அதன் வீரியம் வேகமாகக் குறையும். அதிலிருந்து கிளம்பும் வாயு பம்பின் தலையில் அடைத்துக்கொண்டால், ஸ்ட்ரோக் நடந்தாலும் கரைசல் நகராது. அடைபட்ட வாயுவை எதிரழுத்தத்துக்கு எதிராகத் தள்ளுவது பம்புக்கு இன்னும் கடினம். ஆகவே காற்றை வெளியேற்றும் திருகும் பம்பின் தலையில் வேண்டும். உறிஞ்சுபக்க அளவுக் கண்ணாடியில் பம்பைச் சோதிக்கும்போது வால்வு பணியில் இருக்கும் அதே அழுத்தத்தில் இருக்க வேண்டும். பிறகு யாராவது திருகைத் தொட்டால், பம்பை மறுபடி அளந்துதான் ஆக வேண்டும்.