புழுங்கல் நெல்லும் பெரிபெரியும்

திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையில் வயல் சூழ அமைந்த கூத்தாநல்லூரிலிருந்து வணிகத்தின் பொருட்டு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்கள் பலர். தஞ்சை வட்டாரத்தின் நிலமற்ற உழவர்களோ நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கங்காணிகளின் கீழ் தோட்டக் கூலிகளாகவும் சாலைக் கூலிகளாகவும் அங்கே உழைத்தனர். வணிகரும் கூலியும் ஒருசேர விரும்பி உண்டது புழுங்கலரிசியே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்துபோகும் பெரிபெரி என்னும் நோய் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, அதே நாட்டில் உழைத்த தமிழ்க் கூலிகளிடம் அது அரிதாகவே காணப்பட்டது. சீனர் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி என்பதையும், தமிழர் உண்டது இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி என்பதையும் கண்ட மருத்துவர் பிராடன், நோயின் வேர் அரிசியில் உள்ளது என்று 1907இல் நூலெழுதி வாதிட்டார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் பிளெட்சரும், நெகிரி செம்பிலானில் சாலை போட்ட 300 ஜாவானியக் கூலிகளிடம் பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் நடத்திய சோதனைகளில், பச்சரிசி உண்டவர்களையே நோய் பெரிதும் தாக்கியது. அந்த அறிவுக்காக உடல் வருந்தியவர்கள் மனநோயாளிகளும் கூலிகளுமே என்பது மறக்கத்தக்கதன்று.

புழுங்கலரிசி நோயைத் தடுத்ததற்குக் காரணம் நெல் அவிக்கும் முறையில் இருந்தது. நெல்லை இரண்டொரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, அண்டாவில் உமி வாய் பிளக்கும்வரை அவித்து, களத்தில் பரப்பிக் காலால் கோதிக் காயவைக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும், குறைந்தால் பெரிபெரியைத் தரும் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. அவித்த நெல் உரலில் குத்தும்போது நொய்யாக உடையாது என்பதே களத்தில் நின்ற பெண்கள் அறிந்திருந்த பயன். அவர்கள் கைப்பழக்கம் கடலுக்கு அப்பால் உயிர்களைக் காத்தது. ஆயினும் மருத்துவ வரலாறு அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஜாவாவில் கோழிகளிடம் நடத்திய சோதனைகளின் மூலம், நோயின் வேர் அரிசியில் உள்ளது என்ற இதே உண்மையை நெருங்கிய மருத்துவர் எய்க்மனுக்கோ 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

நீராவி ஆலைகள் வந்தபின் அவிக்கும் வேலை சிமெண்டுத் தொட்டிக்கும் கொதிகலனுக்கும் மாறியது. உமித்தூசியும் ஆவியும் நிறைந்த அந்த வேலையில் தொழிலாளர் மூச்சுக்கு நேர்வது இன்றும் போதிய கவனம் பெறவில்லை.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் அறிவித்த பின், எந்த அரிசி உடலுக்கு ஆகும் என்ற பழைய கேள்வியையே மக்கள் கைப்பேசியில் தேடுகிறார்கள். புழுங்கலரிசி பச்சரிசியைவிடப் பொதுவாகச் சற்று மெதுவாகச் செரிக்கிறது என்றாலும், மூன்று வேளையும் அதையே நிறைய உண்டு, வயலில் இறங்காமல் கடையிலும் அலுவலகத்திலும் அமர்ந்திருப்பவருக்கு அந்த வேறுபாடு போதாது. நார்ச்சத்து மிக்க தவிடோ வெண்மைக்காகத் தீட்டப்பட்டு, எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத் தொட்டிக்கும் போய்க்கொண்டிருக்கிறது.