நம் கரைக்காக வாதாடிய மேத்தா

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகும்போது சாலையோரத்தில் இறால் குட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். சதுரம் சதுரமாகக் கரை கட்டி, நடுவே தண்ணீரை அடித்துக் கலக்கும் சக்கரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட குட்டைகளைக் கடற்கரையிலிருந்து அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றமே ஒரு காலத்தில் தீர்ப்பளித்தது என்றால் இன்று பலர் நம்பமாட்டார்கள். அந்த வழக்கில் நம் கரைக்காக வாதாடியவர் எம்.சி.மேத்தா.

மேத்தா தமிழ்நாட்டுக்காரர் அல்லர். 1946-இல் ஜம்முவின் ரஜௌரிப் பகுதியில் பிறந்து, ஜம்முவில் வக்கீல் தொழில் செய்துவிட்டு, 1983-இல் டெல்லிக்கு வந்தவர். மறு ஆண்டே தாஜ்மகாலின் பளிங்கு ஆலைப்புகையால் கெடுகிறது என்று பொதுநல வழக்குப் போட்டார். அடுத்து, டெல்லி நகருக்குள் இருந்த ஸ்ரீராம் உரம் மற்றும் ரசாயன ஆலை மீது வழக்கு. அது நிலுவையில் இருக்கும்போதே, 1985 டிசம்பர் 4 அன்று அந்த ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. போபால் நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அபாயமான தொழில் நடத்துபவர், 'நான் கவனமாகத்தான் இருந்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது என்ற முழுப் பொறுப்புக் கொள்கை இந்தியாவில் பிறந்தது அந்த வழக்கில்தான்.

தமிழ்நாட்டுக்கு அவர் வந்த கதையில் நம்மைப் போன்ற சங்கங்களுக்கு ஒரு தனிச் சுவை உண்டு. 1991-இல் பாலாற்றுப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனது ஒரு கட்சியோ பெரிய அமைப்போ அல்ல; வேலூர் குடிமக்கள் நல மன்றம். பெயரைப் பாருங்கள், நம் சங்கத்தின் பெயர்ப்பலகை போலவே இல்லையா? மேத்தா அவர்களுக்காக வாதாடினார். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதும், திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதும் நீதிமன்றத்தில் பதிவாயின. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில், 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்பது நாட்டின் சட்டமாகவே அறிவிக்கப்பட்டது. மேத்தாவின் செலவுக்கு 50,000 ரூபாய் கொடுக்கும்படி தமிழ்நாடு அரசுக்கும் உத்தரவு. அத்தனை ஆண்டு உழைப்புக்கு அது பெரிய தொகை அல்ல என்றே எனக்குப் படுகிறது.

இனி நம் கரை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்றுமதி ஆசையில் கடலோர நெல்வயல்கள் இறால் குட்டைகளாயின. கடல்நீரை மோட்டார் வைத்து வயலுக்குள் ஏற்றினால் என்ன ஆகும்? உப்பு மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணறு கரிக்கத் தொடங்கும். தீவனமும் மருந்தும் கலந்த கழிவுநீர் வாய்க்காலுக்குப் போகும். மீனவர் கடலுக்குப் போகும் வழியும் அடைபடும். கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு தஞ்சைப் பகுதிக்கு வந்து, மனைவி கிருஷ்ணம்மாளுடன் நிலமற்றவர்களுக்காக உழைத்த காந்தியர் ஜெகந்நாதன் இதை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்தார். ஏறக்குறைய 80 வயதில், 1994-இல், உச்ச நீதிமன்றத்தில் மனுவும் போட்டார். அவருடைய வழக்கறிஞரும் மேத்தாதான்.

நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் கரைகளை நேரில் பார்த்து அறிக்கை தந்தது. இறாலால் வரும் வருமானத்தைவிட அதனால் ஏற்படும் சேதம் பெரிது என்றது அது. இறாலுக்கு உப்புநீர் வேண்டும், ஆகவே பண்ணை கரையில்தான் இருக்க முடியும் என்பது உரிமையாளர்களின் வாதம். கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், பண்ணை இருந்தே தீரவேண்டிய அவசியம் இல்லை என்றது நீதிமன்றம். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது தீர்ப்பளித்தனர்: பாரம்பரிய முறைப் பண்ணைகள் நீங்கலாக மற்றவற்றை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும், வேலை இழப்போருக்கு இழப்பீடு தரவேண்டும். அதே மாதம் 30-ஆம் தேதி தாஜ்மகால் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. மறுநாள் குல்தீப் சிங் ஓய்வு பெற்றார்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல வெற்றிக்கதை. ஆனால் மறுஆய்வு மனுக்கள் போடப்பட்டு, 1997-லேயே இடிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, ஏற்கெனவே நடந்த பண்ணைகளை முன்தேதியிட்டுச் சட்டப்படி சரியென்று ஆக்கிவிட்டது. 500 மீட்டர் தடையின் இடத்துக்கு 200 மீட்டர் விதி வந்தது. பண்ணைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிணற்று நீர் கரித்துப்போன குடும்பங்களின் கணக்கை அந்தச் சட்டத்தில் நான் காணவில்லை.

மேத்தாவுக்கு 1996-இல் கோல்ட்மேன் விருது, 1997-இல் மகசேசே, 2016-இல் பத்மஸ்ரீ. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் மறைந்தார். 2005 சட்டப்படி ஒவ்வொரு கடலோரப் பண்ணையும் சென்னையில் உள்ள ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அடுத்த முறை பிச்சாவரம் போகும்போது வழியில் தெரியும் குட்டைக்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்க, தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனுவும் 10 ரூபாய்க் கட்டணமும் போதும்.