பழ வற்றல்: சிரம்பான் வட்டார வீட்டு முறை

பழத்திலுள்ள நீரின் பெரும்பகுதியை வெளியேற்றி, நாள்பட வைத்துக் கொறிக்கும்படி செய்த பண்டம் பழ வற்றல். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில வீடுகளில் மாம்பழம், அன்னாசி, பலா, வாழை ஆகியவை இதற்கு எளிதாகக் கிடைக்கும். ஆனால் சிரம்பானில் இனிப்புப் பழத்தை வெயிலை மட்டும் நம்பிப் பரப்பினால் காரியம் கெடும். ஓவனோ மின் உலர்த்தியோ தரும் சூடு இங்கே கட்டாயம் தேவை.

வெயிலில் குறையில்லை, காற்றின் ஈரந்தான் தடை. நுண்ணுயிர்களுக்குப் பயன்படும் நீரின் அளவை நீர்ச்செயற்பாடு என்ற எண்ணால் குறிப்பர். தூய நீருக்கு அது 1. 0.60-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகாது, 0.80 இருந்தால் பல பூசணங்களுக்கு அதுவே போதும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், அதே வெப்பநிலையிலுள்ள பழம் எத்தனை நாள் கிடந்தாலும் 0.80-ஐத் தாண்டிக் கீழே இறங்காது. சிரம்பானில் நண்பகலில் காற்று ஓரளவு உலர்ந்தாலும் இரவில் மீண்டும் ஈரமேறிவிடும். பகலில் விட்ட நீரைப் பழம் இரவில் உறிஞ்சி நமுத்துப்போகும். மழையும் குறுக்கிடும். தீபகற்ப மலேசியாவில் மழை மிகக் குறைந்த வட்டாரம் இதே மாநிலத்து ஜெலெபு. அங்கேயே ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரி 1,000-ஐ எட்டுவதில்லை. அங்கே சித்திரை வெயிலில் பழகிய கைப்பக்குவத்தை இங்கே அப்படியே செய்தால் பலிக்காதது இயல்பே. சூடேற்றினால் நிலைமை அடியோடு மாறுகிறது: 30 டிகிரியில் 70 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், நீராவி துளியும் குறையாமலே ஈரப்பதம் ஏறத்தாழ 15 விழுக்காடாகிவிடும்.

இது இங்குள்ள ரப்பர் தோட்டத்துக்குப் புதிய பாடமன்று. மரத்தில் வெட்டிய பாலை அமிலமூற்றி உறையவைத்து, உருளையில் அழுத்திய ரப்பர் ஷீட்டுகளை வெளியே தொங்கவிட்டே முடித்திருந்தால் பூசணம் பிடித்திருக்கும். அதனால்தான் நீர் வடிந்ததும் அவற்றைப் புகைக்கூடத்தில் ஏற்றி, விறகுத் தீயில் 40 முதல் 60 டிகிரிச் சூட்டில் பல நாள் உலர்த்தினார்கள். கேரளத்தில் மழைக்காலத்தில் பழுக்கும் குடம்புளியும் புகையில்தான் காய்கிறது. ஈர நாட்டில் உலர்த்துவதற்கு நெருப்பு வேண்டும் என்பதைத் தோட்டத் தொழிலாளர்கள் தினமும் கையாலேயே செய்து அறிந்திருந்தார்கள். அந்த அறிவு சமையலறைக்கும் உரியதென்பது இக்கட்டுரையின் துணிபு.

தோட்ட லயங்களில் மாங்காய் வற்றலும் மோர் மிளகாயும் வெயிலில்தானே காய்ந்தன என்று கேட்கலாம். காய்ந்தது உண்மை. ஆனால் அவற்றில் உப்பு உண்டு; உப்பு நீரைப் பிடித்துவைத்து நுண்ணுயிர்க்குக் கிடைக்காமல் செய்கிறது. உண்ணுமுன் அவை எண்ணெயிலோ குழம்பிலோ சூடும் படுகின்றன. அசாம் கெப்பிங் என்னும் புளிப்பழ வில்லையும் வெயிலில் தேறுவதற்கு அதன் கடும் புளிப்பும் மெல்லிய வெட்டும் காரணம். அதுவும் கறியில் கொதிக்கிறது. பழுத்த அன்னாசியில் உப்பில்லை, அப்படியே வாயில் போடுகிறோம். மழை மூட்டத்தில் ஒரு நாள் தாமதித்தாலே அது நொதித்துப் புளிக்கத் தொடங்கும்.

பழத்தை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரே சீராக நறுக்குவது முதல் வேலை. கனம் மாறினால் ஒன்று கருகும், ஒன்று ஈரமாகவே நிற்கும். வாழை கறுக்காதிருக்க எலுமிச்சைச் சாற்றில் முக்கலாம். துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் கம்பித் தட்டில் அடுக்கி, 60 டிகிரியில் 8 முதல் 12 மணி நேரம் வைக்கவேண்டும். ஓவன் கதவைச் சற்றே திறந்துவைத்தால்தான் நீராவி வெளியேறும். சூட்டைக் கூட்டி விரைவாக முடிக்கப் பார்ப்பது பெரும்பிழை. மேற்புறம் தோல்போல இறுகி, உள்ளே நீர் சிறைப்பட்டு, இரண்டு வாரத்தில் நடுவிலிருந்து பூசணம் பூக்கும். சூடாக இருக்கும்போது எந்தத் துண்டும் மெத்தென்றே இருக்கும். ஆறியபின் ஒன்றைக் கிழித்துப் பார்க்கவேண்டும். கிழித்த ஓரத்தை நசுக்கினால் நீர் கசியாமல் தோல்வார் போல வளைந்தால் பதம். பிறகு கண்ணாடிப் போத்தலில் முக்கால் பங்கு நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்கவேண்டும். உட்சுவரில் ஆவி படர்ந்தால் மறுபடி தட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மின்கட்டணம் என்ற மறுப்பு நியாயமானது. காலை வெயிலில் வலைத்துணி போர்த்தி முதல் ஈரத்தைப் போக்கிவிட்டு, மழை வருமுன் ஓவனில் ஏற்றினால் செலவு குறையும். இன்னும் கனமான மறுப்பு சர்க்கரை பற்றியது. ஒரு கிலோ அன்னாசிச் சதையில் ஏறத்தாழ 850 கிராம் நீர். காய்ந்தபின் மிஞ்சுவது 180 கிராம் அளவே, சர்க்கரையோ முழுதும் அதற்குள். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. இந்தியரிடையே அது எல்லா இனத்தாரையும்விட அதிகம். ஆகவே சர்க்கரைப்பாகில் ஊறவைக்கும் கடைமுறையை வீட்டில் விட்டுவிடுவதே சரி. ஒருவேளைக்கு ஒரு துண்டு மாம்பழம் உண்பவர், அந்த ஒரு துண்டிலிருந்து வந்த வற்றலையே உண்ணவேண்டும். போத்தலைத் திறந்து கையால் அள்ளக்கூடாது.