நடனக்குழுக்கள் இணையத்துக்கு வந்த கதை

நெய்வேலிக்காரர்களுக்கு ஆடல் ஒன்றும் புதுசு இல்லை. டவுன்ஷிப்புக்குள்ளேயே பத்தடி உயர ஐம்பொன் நடராஜர் இருக்கிறார். பஸ் ஏறினால் சிதம்பரம். அங்கே 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. பிளாக்குக்கு பிளாக் பரதம் சொல்லிக்கொடுக்கும் வீடுகளும் உண்டு. ஆனால் "சமகால நடனம்" என்று சொல்லிப் பாருங்கள். "வெஸ்டர்னா? சினிமா டான்ஸா?" என்று கேட்பார்கள். குறையாகச் சொல்லவில்லை. பார்க்காத ஒன்றுக்கு எப்படிப் பெயர் தெரியும்? நானே இந்த ஊரில் ஒரு சமகால நடனக்குழு வந்து ஆடிப் பார்த்ததில்லை. நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இணையத்தில் பார்த்ததுதான்.

அதனால்தான் இந்தக் குழுக்கள் எப்போது, எதற்காக இணையத்துக்கு வந்தன என்று தேட ஆரம்பித்தேன். பார்வையாளர்களைத் தேடித்தான் வந்திருப்பார்கள் என்று நினைப்போம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அப்படி இல்லை.

சென்னையில் சந்திரலேகா 1985ல் 'அங்கிகா'வை மேடையேற்றினார். பரதத்தையும் களரியையும் யோகத்தையும் சேர்த்து, அலங்காரத்தைக் களைந்து, உடம்பை மட்டும் முன்னால் நிறுத்திய வேலை. பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் 'ஸ்பேசஸ்' என்று அவருடைய இடம். இந்த மாதிரி நடனத்துக்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்த சின்ன வட்டம். சபா உறுப்பினர் அட்டை, சீசன் டிக்கெட் எதுவும் இதற்குக் கிடையாது. 1998 முதல் 2006 வரை சென்னையில் நடந்த 'தி அதர் ஃபெஸ்டிவல்' சமகாலக் கலைகளுக்கென்று ஒரு மேடை போட்டுத் தந்தது. பெயரே சொல்லிவிடுகிறது பாருங்கள், மார்கழி இல்லாத "மற்ற" விழா என்று!

அந்த விழாவை ரன்வீர் ஷாவோடு சேர்ந்து தொடங்கியவர் அனிதா ரத்னம். அவரிடமிருந்துதான் நம் இணையக் கதையும் தொடங்குகிறது. 1992ல் அவர் 'நர்த்தகி' என்று ஒரு கையேடு வெளியிட்டார். நடனக் கலைஞர்கள், ஆசிரியர்கள், அமைப்புகள் ஆகியோரின் பெயரும் விலாசமும். டெலிபோன் டைரக்டரி மாதிரி. 2000ல் அதுவே இணையதளமாக ஆனது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்ததே 1995 ஆகஸ்டில்தான். மோடம் கீச்சென்று கத்தி இணைப்பு வந்தபின் ஒரு போட்டோ மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். இதில் நடனத்தை எப்படிக் காட்டுவது? காட்ட முடியாது. ஆனால் எழுத்து வரும், விலாசம் வரும், விழா அறிவிப்பு வரும், விமர்சனம் வரும். நர்த்தகி செய்தது அதைத்தான். அது ரசிகரைக் கலைஞரோடு சேர்த்ததைவிடக் கலைஞரைக் கலைஞரோடும் விழா நடத்துபவரோடும்தான் அதிகம் சேர்த்தது. அன்றைக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்பது என் எண்ணம். எங்கோ ஒரு சின்ன ஊரில் இருக்கும் கலைஞருக்கு முதல் சிக்கல் "யாரிடம் கேட்பது" என்பதுதானே.

இதற்கிடையில் லண்டனில் ஒருவர் வேறு திசையில் போனார். சென்னையில் பிறந்து, 1988ல் லண்டனில் தன் குழுவைத் தொடங்கிய ஷோபனா ஜெயசிங். அவருடைய 'ஹின்டர்லேண்ட்' 2002ல் வந்தது. லண்டன் மேடையில் ஆடுபவர்களோடு, பெங்களூரில் ஆடும் ஒருவர் இணைய நேரலையில் திரை வழியாகச் சேர்ந்து ஆடினார். யூடியூப் பிறக்க இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது! இங்கே இணையம் விளம்பரப் பலகை இல்லை, நடனத்துக்குள்ளேயே ஒரு உறுப்பு. தாய்மண்ணும் வாழும் ஊரும் ஒரே நேரத்தில் ஒரே மேடையில். புலம்பெயர்ந்த ஒருவருக்குத்தான் இது தோன்றும் போல.

யூடியூப் 2005ல் வந்தது. அதற்குப் பின் உலகமெங்கும் குழுக்கள் துண்டு வீடியோக்களை ஏற்றத் தொடங்கின. அதில் என்னைக் கவர்ந்தவர் மெர்ஸ் கன்னிங்ஹாம். தொண்ணூறை நெருங்கும் வயதில், இறப்பதற்கு முந்தைய மாதங்களில், நியூயார்க்கில் தான் எடுக்கும் வகுப்பை 'மண்டேஸ் வித் மெர்ஸ்' என்ற பெயரில் இணையத்தில் காட்டினார். நிகழ்ச்சியை இல்லை, வகுப்பை! நாற்காலியில் அமர்ந்தபடி கிழவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஒரு காலைத் தூக்கி நிற்பதில் எத்தனை வேலை இருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பின் மேடை நிகழ்ச்சியைப் பார்த்தால் கண் வேறு மாதிரி பார்க்கிறது. அவர் 2009 ஜூலையில் மறைந்தார். குழு 2011 டிசம்பர் 31 அன்று கடைசியாக ஆடிவிட்டுக் கலைந்தது. படைப்புகளின் குறிப்பு, வீடியோ, ஒளியமைப்பு, உடை விவரம் எல்லாம் 'டான்ஸ் கேப்சூல்ஸ்' என்று இணையத்தில் தொகுக்கப்பட்டன.

பணம்? சியாட்டிலின் 'ஆன் தி போர்ட்ஸ்' அரங்கம் 2010ல் முழு நிகழ்ச்சிகளை நன்றாகப் படம்பிடித்து இணையத்தில் கட்டணத்துக்குக் கொடுத்து, கலைஞருக்கும் பங்கு தந்தது. பிரான்சில் லியோன் நகர நடன மாளிகை 2011ல் 'நுமெரிதான்ஸ்' என்ற இலவச வீடியோ நூலகத்தைத் திறந்தது. இரண்டுக்கும் பின்னால் ஒரு அரங்கம் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊருக்கு வேகமான இணையம் கைக்கு வந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு. ஷிஃப்ட் முடிந்து வருபவர் கையிலும் வீடியோ. கூடவே முப்பது நொடி ரீல்ஸ் பழக்கமும். மெதுவாக, பாட்டில்லாமல், பத்து நிமிஷம் ஒரு கை மட்டும் நகரும் நடனத்துக்கு அங்கே என்ன இடம்?

பிறகு 2020. பினா பௌஷின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்'கை ஆட 14 ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து 38 பேர் செனகலில், ஜெர்மெயின் அகோனியின் 'எகோல் தே சாப்ல' பள்ளியில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரடங்கில் பயணம் ரத்து. கலைவதற்கு முன் கடற்கரை மணலில் அந்தி வெளிச்சத்தில் ஒருமுறை முழுதாக ஆடினார்கள். அந்தப் படத்தை லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் ஜூலையில் சிறு கட்டணத்துக்கு இணையத்தில் காட்டியது. அதே வருஷம் டிசம்பரில் சென்னை சபாக்கள் ஒன்றுசேர்ந்து 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்று டிக்கெட் போட்டு மார்கழி விழாவைக் கலாகேந்திரா தளத்தில் நடத்தின. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே ஒரு பெரிய அரங்கம், இங்கே சபாக்கள். கேமராவுக்கு, ஒலிக்கு, டிக்கெட்டுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. ஏற்கெனவே ரசிகர் பட்டியல் இருந்தது. இணையம் அதைத் தூக்கிக்கொண்டு போனது, அவ்வளவுதான். சபா இல்லாத நம் சமகாலக் குழுக்கள் தாங்களே படமெடுத்து, தாங்களே ஏற்றி, இலவசமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பார்வை எண்ணிக்கை வரும், சம்பளம் வராது.

இன்னொன்றும் உண்டு. சில நடனங்கள் கேமராவுக்கு அடங்காது. சென்னையின் ப்ரீத்தி ஆத்ரேயாவின் 'கண்டிஷன்ஸ் ஆஃப் கேரியேஜ்' என்ற படைப்பில் பத்துப் பேர் குதிக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். பார்ப்பவர்கள் சுற்றி நிற்க, தரை அதிர்வது காலுக்குத் தெரிய வேண்டும். போனில் பார்த்தால் யாரோ குதிக்கிறார்கள் என்று தள்ளிவிட்டுப் போய்விடுவோம்.

அதனால் குழுக்கள் எனக்கு முழு நிகழ்ச்சியை அனுப்ப வேண்டாம். கன்னிங்ஹாம் போல வகுப்பைக் காட்டட்டும், ஒத்திகையைக் காட்டட்டும், ஏன் இப்படி ஆடுகிறோம் என்று தமிழில் பேசட்டும். இதற்கு நூறு ரூபாய் கேட்டாலும் கொடுக்க இங்கே நாலு பேர் இருப்பார்கள் என்று நம்புகிறேன். குதிப்பதற்கு அரங்கம் வேண்டாம், சமதளம் போதும். டவுன்ஷிப்பில் மைதானத்துக்குப் பஞ்சம் இல்லை. சென்னையிலிருந்து பத்துப் பேர் வந்துபோக பஸ் செலவை யார் கொடுப்பது என்பதுதான் பாக்கி.